மடங்காத முழங்கால்

புல்மிரியின் தம்பி பெயரை நான் எழுத மாட்டேன். அவர் இறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கூப்பிட்டால் ஆவி போகாமல் நின்றுவிடும் என்று எங்கள் கரையில் அந்தப் பெயரை இன்னும் யாரும் வாயில் எடுப்பதில்லை. தம்பி என்றே சொல்கிறேன்.

புல்மிரி மரப்பட்டையில் வரைபவர். மழைக்காலத்தில் பட்டை உரித்து, தீயில் வாட்டி, கல் ஏற்றித் தட்டையாக்குவார். பிறகு தலைமுடியைக் குச்சியில் கட்டிய தூரிகையால் கோடு கோடாக இழுப்பார். அதிகம் வரைவது தன் குலத்துச் சடங்கில் ஆடும் நாரை ஆட்டத்தைத்தான். அந்த ஆட்டத்தில் எப்போதும் முன்னால் நிற்பவர் தம்பி. ஃபுட்பாலில் உடைந்த இடது முழங்கால் மடங்கவே மடங்காது. அந்தக் காலோடு அவர் துள்ளுவதைப் பார்க்க வேண்டுமே! நிஜ நாரை தோற்றுப்போகும்.

போன மழைக்காலத்தில் ஓர் ஆளுயரப் பட்டை. ஏழு ஆட்டக்காரர்கள். முதல் ஆளின் ஒரு காலைப் புல்மிரி விறைப்பாகப் போட்டார்.

சுட்ட ரொட்டியைக் கடித்தபடி தம்பி எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, நொண்டி நாரையா?"

"நீயே ஒத்துக்கிட்டா சரி."

"வயித்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடுண்ணே!"

அவர்களுடைய அக்கா மகன் மன்யாரி மட்டும் சிரிக்கவில்லை. மாமன் குலத்து ஓவியம் முறைப்படி இருக்கிறதா என்று பார்ப்பது மருமகனின் பொறுப்பு.

"மாமா, பட்டையில ஆடுறவங்க ஆதி முன்னோருங்க. அங்க போய் சின்ன மாமாவ நிறுத்தாதீங்க. காலைத் திருத்துங்க."

"போடா மருமவனே. இவனை விட்டா நாரைக்கு வேற யாரு இருக்கா?"

கால் அப்படியே இருந்தது.

மழை நின்றதும் தம்பி மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய போட்டோக்களை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்தோம். பட்டையில் பெயர் இல்லை, முகம்கூட இல்லை. ஆனால் புல்மிரி வரையும் ஷெட்டுக்குள் வந்த தம்பியின் மனைவி அந்தக் காலைப் பார்த்ததும் அங்கேயே விழுந்து அலறினார். எங்கள் யாராலும் அவரைத் தூக்க முடியவில்லை.

மன்யாரி மெதுவாகச் சொன்னான்: "இது இருக்கிற வரைக்கும் அவரு இங்கயே சுத்திக்கிட்டு இருப்பாரு மாமா. முன்னோருங்க இருக்கிற தன் குலத்துத் தண்ணிக்குப் போய்ச் சேர மாட்டாரு. காவி பூசி மூடிடுங்க."

"யாரும் பாக்காம என் ரூமுலயே வெச்சுக்கறேன்டா."

"நீங்க பாப்பீங்கல்ல?"



மறுநாள் காலையில் புல்மிரியே சிவப்புக் காவியை அரைத்தார். கடைசி ஆளிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக மூடிக்கொண்டே வந்தார். முதல் ஆளிடம் வந்ததும் தூரிகையைக் கீழே போட்டார். உள்ளங்கையில் காவியை அள்ளித் தலையில் தடவினார், மார்பில் தடவினார், வயிற்றில் தடவினார். காலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மன்யாரி அருகில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்துதான் தடவினார்கள்.

"போடா தம்பி," என்றார் புல்மிரி. "இங்க நிக்காத. போ."