ரெண்டாவது பிள்ளைதானே

காசிமேட்டில் ரெண்டாவது பிரசவத்துக்கு யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை. முதல் பிள்ளை வழி போட்டுவிட்டது, அடுத்தது தானாக வந்துவிடும் என்பது அங்கே ஊரறிந்த நியாயம். அதை நம்பித்தான் கன்னியம்மா மருமகள் செங்கொடியை அரசாங்க பிரசவ ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மீன் ஏலத்துக்கு ஓடினாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரைக்கு வருகிற வாரம். அப்போது துறைமுகத்துக்குப் போகாத பொம்பளைக்கு அந்த வருஷம் பொழைப்பே இல்லை. மத்தியானத்துக்குள் பெத்துவிடுவாய், வந்து தூக்கிக்கொள்கிறேன் என்றாள். செங்கொடியின் புருஷன் ஜெகதீசன் டவர் கிடைக்காத தூரத்தில் கடலில் இருந்தான்.

முதல் பிள்ளை எந்த வழியைப் போட்டதாம்? மூத்தவள் கீர்த்தி தலைகீழாகத் திரும்பாமல் வயிற்றுக்குள் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். வலி எடுக்கும் முன்பே கிழித்து எடுத்தார்கள். பிரசவ வலி எப்படி இருக்கும் என்பதே செங்கொடிக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தையல் வலி. அந்தத் தையலோடு வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள், பாயில் படுத்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. கைக்கு எட்டாத இடத்தில் பிள்ளை பாலுக்குக் கத்தியது. மாமியார் மீன் விற்கப் போயிருந்தாள். அம்மா செத்து வருஷங்களாகிவிட்டன. கூப்பிட்டுப் பார்த்தாள், யார் வருவார்கள்? பிள்ளை கத்திக் கத்தித் தானாக ஓய்ந்துபோனது. அன்றைக்கு அவள் பட்ட பாடு பகையாளிக்கும் வேண்டாம். அதனால்தான் இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் கெஞ்சினாள். கிழிக்க வேண்டாம், எவ்வளவு நேரமானாலும் தானே பெத்துக்கொள்கிறேன் என்றாள். டாக்டரம்மா பழைய தையலைப் பற்றி விசாரித்துவிட்டு, பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

மத்தியானம் கன்னியம்மா வந்து பார்த்தாள். பிள்ளை வரவில்லை. "இன்னாடி, இன்னும் அப்டியே கீற? ரெண்டாவது இவ்ளோ நேரமா?" என்று அலுத்துக்கொண்டு பன்னும் டீயும் வைத்துவிட்டு, வீட்டில் கீர்த்தி தனியாக இருக்கிறாள் என்று கிளம்பிவிட்டாள். செங்கொடிக்கு அந்தப் பேச்சு வலியைவிட அதிகமாகச் சுட்டது. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்றே நினைத்துவிட்டாள், பாவம்.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் அதைக் கேட்டும்விட்டாள்.

"உன் வயித்துக்கு இதான்மா முதல் தடவை" என்றார் அவர். "முதல் பிரசவம் மாதிரிதான் இழுக்கும். பழைய தையல் இருக்கறதால மருந்து ஏத்தி அவசரப்படுத்தவும் பயமா இருக்கு. பொறுத்துக்கோ. பிள்ளைக்கோ தையலுக்கோ ஆபத்துன்னா கிழிச்சுதான் ஆகணும்."

பொறுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்களில் அக்காவோ அம்மாவோ இடுப்பு நீவிவிட்டார்கள், தண்ணீர் புகட்டினார்கள். இவளுக்குக் கட்டில் கம்பிதான் துணை. பின்னால் வந்தவர்களெல்லாம் பெத்துக்கொண்டு போனார்கள். நர்ஸ் வரலட்சுமி பிள்ளையின் துடிப்பை வந்து வந்து பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறினாலும் செங்கொடி பிள்ளைக்கு என்ன என்று கேட்டாள். விடிந்ததும் டாக்டரம்மா, இன்னொரு தடவை பார்ப்பேன், அப்போதும் கருப்பை வாய் திறக்கவில்லை என்றால் தியேட்டர்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் மறுபடி பார்க்க வந்தபோது முழுசாகத் திறந்திருந்தது. செங்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள். ஆண் பிள்ளை, கிழிக்காமலேயே வந்தது.

அப்புறம் எடை பார்த்துத் துடைத்த பிள்ளையை வரலட்சுமி வாசலுக்குத் தூக்கிப்போய், செங்கொடி வீட்டு ஆள் யாரும்மா என்று கூப்பிட்டார். வராண்டாவில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார். உள்ளே கட்டிலில் இருந்த செங்கொடிக்கு அது கேட்டது. மெதுவாகக் காலை ஊன்றி எழுந்தாள், எழுந்திருக்க முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள்.

"யாரும் வரல சிஸ்டர், எங்கிட்டயே குடுங்க" என்றாள்.

கிழிக்க வேண்டாம் என்று கேட்டது கிடைத்துவிட்டது, யார் தயவும் இல்லாமல் தன் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டாள். தூக்கியதும் அடக்கமாட்டாமல் அழுகை வந்தது. பிள்ளையைப் பிடிக்க ஆளில்லாததால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.