எடை மிஷினில் ஏறிய ட்ரோன்

இன்று எங்கள் மலை ஊரான சோளக்காட்டில், நான் வேலை பார்க்கும் மிளகுக் கடைக்கு எதிரே, கல்யாண வீடியோ எடுக்க வந்த ஒரு அண்ணனின் ட்ரோன் மரத்தில் இடித்து விழுந்தது.

இறக்கைகள் தப்பின. கேமராவைத் தாங்கும் கிம்பல் மட்டும் சாய்ந்தே நின்றது. மட்டமான இடத்தில் வைத்துச் சரிசெய்யச் சொன்னது அவர் போனில் இருந்த ட்ரோன் ஆப். ரோட்டில் வைத்தார், ஜீப் மேல் வைத்தார். எல்லாமே சரிவு.

"பொண்ணு வண்டி கடைசி வளைவுக்கு வந்திருச்சு தம்பி!" என்று பதறினார் மாப்பிள்ளையின் அப்பா.

வெளியாட்களிடம் நான் வாயே திறக்க மாட்டேன். இன்று திறந்தேன்.

"அண்ணா, எங்க எடை மிஷின் மட்டமா இருக்குதுங்க. மட்டம் காட்டுற குமிழி நடுவுல நிக்குது பாருங்க."

அதன்மேல் வைத்ததும் கேமரா நிமிர்ந்தது. பெண் வருவதற்குள் பறக்கத் தயார்!

"ட்ரோன் கிலோ எவ்வளவு கண்ணு?" என்றார் மிளகு வாங்க வந்தவர்.

எனக்கு மறுபடியும் கூச்சம் வந்து, மிளகு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்.