பேர் வெட்டிய டம்ளர்

என் மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில், ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதில் நான் எதுவும் குடிப்பதில்லை. என் மாமனாரின் பெயர் அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. அவருடைய பெருவிரல் வழக்கமாகப் பதியும் இடத்தில் மட்டும் முதல் இரண்டு எழுத்துகள் மழுங்கி, சுற்றியிருக்கும் உலோகத்தைவிட மினுமினுப்பாக இருக்கின்றன. ஜன்னல் வெயில் சாய்வாக விழும்போது அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். எனக்குச் சோறு போடுவது அந்த மாதிரி இடங்கள்தான்.

கணினியில் விமானம் ஓட்டி விளையாடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் விமானத்துக்கு உலோகத் தோல் செய்து கொடுப்பது என் தொழில். புத்தம்புதிய விமானம் செய்வது சுலபம், ஆனால் யாரும் நம்பமாட்டார்கள். ஏறும் படியில் செருப்பு உரசிய தடம், கதவுப் பிடியைச் சுற்றி விரல் பட்ட மினுக்கு, ரிவெட்டு ஆணிக்குப் பின்னால் காற்று இழுத்துப்போன எண்ணெய்க் கறை எல்லாம் வந்தால்தான் தகடு நிஜத் தகடாகத் தெரியும். எந்தத் தேய்மானத்துக்குப் பின்னாலும் ஒரு கை இருக்க வேண்டும். கை இல்லாத தேய்மானம் பொய், பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும்.

மாமாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் பாத்திரக் கடை. அவர் பிழைப்பு பளபளப்பில், என் பிழைப்பு அழுக்கில். கல்யாணமான புதிதில் நான் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் வந்தவர்களிடம் என்னைக் காட்டுவார். "எங்க மருமவ இன்னா வேலை பண்றா தெரியுமா? இல்லாத ஏரோப்ளேனுக்கு அழுக்கு பூசிக்கினு இருக்கா. வூட்ல இருக்குற பாத்திரத்துல அழுக்கு போவல." கடையே சிரிக்கும். மாமா நன்றாகப் பேசுவார், அவரிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். ஒருநாள் என் அப்பா வந்திருந்தபோதும் இதையே சொன்னார். பதிலுக்குப் பதில் பேசத் தெரியாத அப்பா, கூட்டத்தோடு சேர்ந்து தானும் சிரித்துவைத்தார். அன்றைக்கு மாமாவை வெறுக்க ஆரம்பித்தேன்.

அப்பா கரையாம்புத்தூரில் கரும்பு போட்டவர். என் சீர்ப் பாத்திரங்களில் ஒன்றை மட்டும் தானே பார்த்து வாங்கினார், கனமான எவர்சில்வர் குடம் ஒன்று. பெண்ணின் பெயரைத்தான் வெட்டுவது வழக்கம். அப்பா அதில் தன் பெயரையும் ஊரையும் வெட்டச் சொன்னார். "எம் பேரு இருந்தா எவனும் உன்னுது இல்லன்னு சொல்ல முடியாது பாரு" என்றார். அப்பா செத்த பிறகு, அவர் பெயரோடு அந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியது அந்தக் குடம்தான். தினமும் நானே தேய்ப்பேன், வேறு யாரையும் தொடவிடமாட்டேன்.

பாகூரில் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் குடத்தைக் காணோம். கேட்டதற்கு, "அடி நசுங்கிக் கெடந்துது, ஒக்கிடக் கடைக்கு எடுத்தும்போயிருக்கேன்" என்றார் மாமா. விழாவில் சீர்வரிசைக்கு நடுவில் அது நின்றது, நாத்தனார் பெயரோடு. வாசல் வெயிலில் குனிந்து பார்த்தேன். குடம் முழுக்க வட்ட வட்டமாக நார்க் கீறல். அது என் கை. கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நேர்நேராக இழுத்த கீறல். அது பாலீஷ் சக்கரம். அந்தக் கோடுகளுக்கு அடியில் எங்கள் ஊர்ப் பெயரின் ஐகாரச் சுழி மட்டும் சாகாமல் கிடந்தது.

"மாமா, இது எங்க அப்பா குடம். பேர அழிச்சிருக்கீங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் எங்கம்மா அழிச்சேன்? தேஞ்சி போச்சி. பாத்திரம்னா தேயாதா? ஆளே போய்ட்டாரு, பேரு இன்னாத்துக்கு?"

பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கணவர் தோரணத்தைச் சரிசெய்யப் போய்விட்டார், அது நன்றாகத்தான் கட்டியிருந்தது. நான் பந்தி பரிமாறப் போனேன். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், ஒரு டம்ளர் போதும் என்று அப்போது தெரியாது.

சர்க்கரை நோய் மாமாவின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கடையில் இப்போது வேறு யாரோ செல்போன் விற்கிறார்கள். பாகூரிலிருந்து மகள் பண்டிகைக்கு வந்தால் உண்டு. சோறு, மாத்திரை, தண்ணீர் எல்லாம் என் கையால்தான். ஆனால் தன் பெயர் போட்ட டம்ளரில்தான் குடிப்பார். வாங்கியதும் பெருவிரலால் பெயரைத் தடவிப் பார்ப்பார், பிறகுதான் வாய்க்குப் போகும். இத்தனை வருஷமும் அப்படித் தடவித்தான் அந்த எழுத்துகள் மழுங்கின.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து, அதே அளவில், அதே கனத்தில், பேர் வெட்டாத புது டம்ளர் ஒன்றில் தண்ணீர் கொடுத்தேன். விரல் ஒரு சுற்று சுற்றியது. டம்ளரைத் திருப்பிப் பிடித்து இன்னொரு சுற்று.

"எம் பேரு எங்கம்மா?"

"தேஞ்சி போச்சி மாமா. பாத்திரம்னா தேயாதா?"

ஊரில் பாதிப் பேருக்குப் பேர் வெட்டிக் கொடுத்த கை அது. தேய்ந்த இடத்துக்கும் வெட்டாத இடத்துக்கும் வித்தியாசம் தெரியாத விரல் இல்லை. அவர் அதைச் சொல்லட்டும் என்று நின்றேன். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இப்போதும் ஒவ்வொரு தடவையும் விரல் சுற்றும். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். எனக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது. பாவம் என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் அந்தக் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசட்டும்.

போன மாதம் முடித்துக்கொடுத்த விமானத்தின் கதவுப் பிடிக்கு, மாமாவின் பெருவிரல் மினுக்கைத்தான் எடுத்துப் போட்டேன். நிஜமான கை பட்ட மாதிரி இருக்கிறது என்று எங்கிருந்தோ ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். டம்ளர் மேசையிலேயே இருக்கிறது. அதில் மாமாவின் பெயரை இன்னும் வாசிக்க முடிகிறது. அவர் கை படப்போவதில்லை என்பதால் இனி அது தேயாது.