மீட்டர் யாரைப் பார்க்கணும்

உட்காரச் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துட்டுது. பெரம்பலூருக்கு வெளியில ஹைவேஸை ஒட்டியிருக்கிற கோழித் தீவன மில்லுல நான் கிளார்க்கா சேர்ந்தவ. கொள்முதல் மேனேஜர் ஆகுற வரைக்கும் முதலாளி ரூமுல நின்னுக்கிட்டுப் பேசித்தான் பழக்கம். திட்டு வாங்குறதும் நின்னுக்கிட்டுத்தான், தீபாவளி போனஸ் வாங்குறதும் நின்னுக்கிட்டுத்தான். அன்னைக்கு மனுசன் நாற்காலியைத் தன் கையால இழுத்துப் போட்டு, "உக்காரும்மா"ன்னாரு. கூடவே காபி சொன்னாரு. யாரையாவது வேலையை விட்டுத் தூக்குறப்பத்தான் அவர் காபி சொல்லுவாரு.

"உன்னைக் கம்பெனி டைரக்டர் ஆக்கலாம்னு இருக்கேன்"னாரு.

நான் காபியைத் தொடல. "எதுக்கு சார்?"னு கேட்டேன்.

"எதுக்காவா? காலம் மாறிப்போச்சும்மா. பொம்பளைங்க மேல வரணும். எத்தனை நாளைக்கு வெயில்ல நின்னுக்கிட்டுக் கெடப்ப?"

இதே வாய்தான், என் ரெண்டாவது பிரசவத்துக்கு லீவு கேட்டப்ப, "பொம்பளைய வேலைக்கு வச்சா இதான் தொல்லை"ன்னு சொன்ன வாய். அது எப்படிப்பா மாறும்? தண்ணி குழாயில வாஷர் மாத்துற மாதிரி மனசையும் மாத்த முடியுமா என்ன? யோசிச்சுச் சொல்றேன்னு எழுந்து வந்துட்டேன்.

அவர் வெயில்னு சொன்னாரே, அதைக் கொஞ்சம் சொல்லணும். எங்க மில்லுக்கு உயிரே மக்காச்சோளந்தான். தை பொறந்துட்டா வேப்பூர், குன்னம் பக்கமிருந்தும், அரியலூர் தாண்டி எங்க பொறந்த ஊர்ப் பக்கமிருந்தும் டிராக்டர் டிராக்டரா வந்து எங்க களத்துல வரிசை கட்டும். சோளத்துல ஈரம் எவ்வளவுன்னு ஒரு சின்ன மீட்டர்ல போட்டுப் பார்ப்போம். ஈரம் கூடுனா எடையில கழிப்போம். நான் வர்றதுக்கு முன்னாடி அந்த மீட்டர் முகம் எங்காளுங்க பக்கமா இருக்கும். கொண்டு வந்தவனுக்கு அதோட முதுகுதான் தெரியும். எங்காளு என்ன நம்பர் சொல்றானோ அதுதான் ஈரம்.

நான் மேனேஜர் ஆன மொத நாளு செஞ்ச ஒரே காரியம், மீட்டரைத் திருப்பி வச்சதுதான். விவசாயி அவன் கண்ணால பார்த்து வாய் விட்டுப் படிப்பான், நாங்க எழுதிக்குவோம். அவ்வளவுதான். அடுத்த வருசமே ஆத்தூர் மில்லுக்குப் போய்க்கிட்டிருந்த வண்டியெல்லாம் எங்க களத்துக்குத் திரும்பிட்டுது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா அவர் தம்பி இருக்காரே, அவருக்கு அது தொண்டையில சிக்குன முள்ளு. "மேடம், மில்லு நம்மளதா அவனுங்களதா?"ன்னு வாரத்துக்கு ஒரு தடவையாவது கேப்பாரு. நான், "மில்லு உங்களது, சோளம் அவங்களது தம்பி"ம்பேன். சிரிச்சுட்டுப் போயிடுவாரு. அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் நம்புனதில்ல.

அன்னைக்கு வூட்டுக்கு வந்து எங்க வூட்டுக்காரர்கிட்ட டைரக்டர் பேச்சைச் சொன்னேன். அவர் லேத்துப் பட்டறை வச்சிருக்காரு. அதிகம் பேசமாட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "உன்னை மேல ஏத்துனா கீழ உன் எடத்துல யாரு?"ன்னாரு.

அடப்பாவி, எனக்கு ஏன் இது தோணலன்னு இருந்துச்சு. கெடாவுக்கு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறாங்க, நான் மாலை நல்லாருக்கான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.

சரி, வேணாம்னு சொல்லிடலாமா? அதுக்கும் மனசு வரல. இத்தனை வருசமா அந்த மில்லுல எது நடந்தாலும், "மேல முடிவு பண்ணிட்டாங்க"ன்னு எனக்குக் கடைசியாத்தான் சொல்லுவாங்க. அந்த மேல எங்கருக்கு, அங்க என்னதான் பேசுறாங்கன்னு ஒரு தடவை உள்ள போய்ப் பார்க்கணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு. ஆசை இல்லன்னு சொன்னா பொய். சரின்னுட்டேன். ஆனா நீட்டுன எந்தத் தாளையும் படிக்காம கையெழுத்துப் போடல. ஆடிட்டர் ஆபீஸ்காரர் கொட்டாவி விட்டுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தாரு. காத்திருக்கட்டும்.

சரின்னு சொன்ன மறுவாரமே விழா. பேங்க் மேனேஜர் வந்தாரு, எங்ககிட்ட தீவனம் வாங்குற சென்னைக் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க. எனக்குச் சால்வை போட்டாங்க. முதலாளி மைக்கைப் பிடிச்சு, "எங்க போர்டுல ரெண்டு பெண்கள்"னு பெருமையா சொன்னாரு. நான் ஒருத்திதானே, இன்னொருத்தி யாருன்னு சுத்தும் முத்தும் பார்த்தேன். சென்னை ஆளுங்க கை தட்டி, அதையே போன்ல எழுதிக்கிட்டாங்க. ஓகோ, இவங்க கேட்டுத்தான் எனக்கு இந்தச் சால்வைன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அந்தக் கூட்டத்துல முதலாளி சம்சாரம் பின் வரிசையில உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவங்க மேலயும் எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகக் கண்ணு. வெள்ளிக்கிழமையானா சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில காரைக் களத்தோரமா நிறுத்தச் சொல்லுவாங்க. இறங்க மாட்டாங்க. கண்ணாடியை இறக்கி விட்டுட்டு நான் வேலை பார்க்கிறதையே பார்ப்பாங்க. சில நாளு கூப்பிட்டு குங்குமம் குடுத்துட்டு, "மீட்டரை அவங்க பக்கமா வச்சா உனக்கு நஷ்டம் வரலையா?"ன்னு கேப்பாங்க. வேவு பார்க்க முதலாளி அனுப்புறாருன்னே நெனச்சேன். "எனக்கென்னக்கா நஷ்டம், சார்கிட்ட கேளுங்க"ன்னு வெட்டி விட்டுருவேன்.

மொத மீட்டிங் ஆபீஸ்ல நடக்கும்னு நல்ல சேலையெல்லாம் கட்டிக்கிட்டுக் கெளம்புனேன். நடந்தது முதலாளி வூட்டுச் சாப்பாட்டு மேசையில. எப்பவும் அங்கதானாம். ஞாயித்துக்கிழமை காலையில, இட்லியோட. முதலாளி ஒரு பக்கம், தம்பி எதிர்ல, ஆடிட்டர் ஆபீஸ்காரர் லேப்டாப்போட நடுவுல. எனக்குப் போட்டிருந்த நாற்காலி அடுப்படி வாசலை ஒட்டி. முதலாளி சம்சாரம், அக்காதான் பரிமாறிக்கிட்டிருந்தாங்க.

தம்பி, "மேடம், அந்தச் சட்னியை எடுத்துட்டு வந்து வைங்களேன்"னாரு.

"கையை நீட்டுனா எட்டும் தம்பி"ன்னேன். ஆடிட்டர் ஆபீஸ்காரருக்குப் புரை ஏறிட்டுது.

தட்டு எடுத்ததும் அவர் யார் யாரு வந்திருக்காங்கன்னு படிச்சாரு. முதலாளி பேரு, தம்பி பேரு, என் பேரு. அப்புறம் அக்கா பேரையும் படிச்சாரு. படிச்சுட்டு, பழக்கப்பட்ட மாதிரி தாளை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குள்ள போனாரு. அக்கா ஈரக் கையை முந்தானையில துடைச்சுட்டு, எந்த இடம்னு கூடக் கேக்காம கையெழுத்துப் போட்டாங்க. அவர் திரும்பி வந்து உக்காந்துட்டாரு.

அந்தம்மா கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேருந்து டைரக்டராம். இத்தனை வருசம் அதே மில்லுல வேலை பார்த்த எனக்கே தெரியாது. அந்த இன்னொருத்தி இவங்கதான். இன்னும் பத்து வருசத்துல நான் எந்த அடுப்படியில நின்னு கையெழுத்துப் போட்டுக்கிட்டிருப்பேனோ.

அப்பத்தான் முதலாளி தொண்டையைக் கனைச்சாரு. "புது டைரக்டர் இனிமே பெரிய விஷயங்களைப் பார்க்கணும். ஹெட் ஆபீஸ்ல தனி ரூம் போட்டுத் தரோம். களத்துப் பொறுப்பைத் தம்பி பார்த்துக்கட்டும். தை வர்றதுக்குள்ள மாத்திடலாம்."

வூட்டுக்காரர் சொன்னது அப்படியே வந்து நிக்குது. தம்பி களத்துக்கு வந்தா மறுநாளே மீட்டர் திரும்பிடும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எங்கள நம்பி சோளத்தைக் கொண்டு வர்றவங்க மறுபடி மீட்டர் முதுகைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நான் ஏசி ரூமுல சால்வையோட உக்காந்திருப்பேன்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுப்படியிலேருந்து ஒரு குரல் வந்துச்சு. "எனக்குச் சம்மதம் இல்ல."

அக்கா வெளியில வந்தாங்க. சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்துல போட்டு உக்காந்தாங்க. முதலாளி மொதல்ல சிரிச்சாரு. அப்புறம், "வூட்டுப் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம். நீ போய்க் காபி எடுத்தா"ன்னாரு.

அவங்க எழுந்திருக்கல. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

எனக்கு அப்பவும் நம்பிக்கை வரல, நெசத்தைச் சொல்றேன். அண்ணன் தம்பிக்குள்ள சொத்துப் பிரிக்கிற பேச்சு ஓடிக்கிட்டிருக்குன்னு ஊரே சொல்லுது. கொழுந்தனார் மேல இருக்கிற கோவத்துக்கு இந்தம்மா என்னைப் பகடைக்காயா உருட்டுறாங்களோ? நான் இப்ப எதிர்த்துப் பேசி, நாளைக்கு அவங்க குடும்பம் ஒண்ணு சேர்ந்துட்டா, நடுத்தெருவுல நிக்கப் போறது நான். பெரியவ காலேஜ் ரெண்டாவது வருசம். இந்த ஊர்ல எனக்கு வேற மில்லுல வேலை யாரு குடுப்பா?

ஆனா இவங்க எதுக்குச் சொல்றாங்கங்கிறது அவங்க பாடு. மீட்டர் திரும்பக் கூடாதுங்கிறது என் பாடு.

"எனக்கும் சம்மதம் இல்ல சார்"னேன். "டைரக்டரா இருந்துக்கிட்டே களத்தையும் நான் பார்த்துக்கிறேன். அந்த ரூமைத் தம்பிக்குக் குடுங்க."

முதலாளி மேசையைத் தட்டி, "நான் சேர்மன். ரெண்டுக்கு ரெண்டுன்னா என் முடிவுதான் முடிவு. எழுதுங்க"ன்னாரு.

ஆடிட்டர் ஆபீஸ்காரர் விரலை லேப்டாப் மேல வச்சுக்கிட்டு மெதுவா கேட்டாரு. "எழுதிடலாம் சார். ரெண்டு லேடி டைரக்டரும் எதிர்ப்புன்னு சேர்த்து எழுதணும். பேங்குக்கும் சென்னைக்கும் இந்த மினிட்ஸ்ல ஒரு காப்பி போவும். பரவால்லையா?"

அவர் எங்களுக்காகப் பேசுனாரா, வேலையை ஒழுங்கா செஞ்சாரா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முதலாளி, விழாவுல எனக்குச் சால்வை போட்ட போட்டோ மாட்டியிருந்த சுவரைப் பார்த்தாரு. அதுல பேங்க் மேனேஜரும் சென்னை ஆளுங்களும் எனக்கு ரெண்டு பக்கமும் நின்னு சிரிக்கிறாங்க. அதைப் பார்த்துட்டு, "எதையும் எழுத வேணாம். இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம்"னு எழுந்து போயிட்டாரு. அன்னைக்கு யாருக்கும் காபி வரல.

தை வந்துச்சு. வண்டியெல்லாம் வரிசையில நின்னுச்சு. வெள்ளிக்கிழமை கார் வந்து நின்னதும் அக்கா மொத தடவையா கீழ இறங்குனாங்க. தூசியில சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து, ஒரு பெரியவர் மீட்டர் பார்த்து நம்பர் படிக்கிறதை முழுசாக் கேட்டாங்க.

"எங்கப்பா சோளம் கொண்டு போய்ப் போட்ட மில்லுல இந்த மீட்டர் மேசைக்கு உள்ளாற இருக்கும். அவங்க ஈரம்னா ஈரந்தான். வாயைத் திறக்காம வந்துருவாரு"ன்னாங்க.

எனக்கு அப்பவும் வாய் சும்மா இருக்கல. "என்னை எதுக்குக்கா உள்ள கொண்டு வந்தாங்க? சென்னைக்காரங்களுக்குக் காட்டவா, தம்பிக்குக் களத்தைக் குடுக்கவா?"

"அவருக்கு அது ரெண்டும் இருந்துச்சு. இன்னொரு பொம்பளை வேணும்னு சென்னைக்காரங்க கேட்டப்ப, தம்பி பொண்டாட்டியைத்தான் போட இருந்தாரு. உன்னைப் போடச் சொன்னது நானு."

"ஏன்?"

அவங்க கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரிச்சு நீட்டுனாங்க. "இருபது வருசமா நானும் வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நான் ஒருத்தி சொன்னா அது வூட்டுச் சண்டை. நீயும் கூடச் சொன்னாத்தான் அது மீட்டிங்."

நான் குங்குமத்தைத் தொட்டு வச்சுக்கிட்டேன். இதுலயும் ஏதாவது உள்குத்து இருக்குமோன்னு காரு போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். அப்புறம் போனை எடுத்து முதலாளிக்கு மெசேஜ் போட்டேன். அடுத்த மீட்டிங்கை ஆபீஸ்ல வச்சுக்கலாம் சார், அங்க அடுப்படி இல்லன்னு.