மேசைக்கு மேல் பதினெட்டு சென்டிமீட்டர்

1. இத்தாலியின் டூரின் நகரத்தில் மூன்று நாட்கள் ஓர் இயந்திரத்தைச் சோதித்தோம். சோதனைப் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு வரிகள். எல்லாவற்றிலும் டிக் போட்டேன்.

2. மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு, இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் எஞ்சினியர் எங்களை ஒரு நடைக்கு அழைத்துப் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் குடித்து, கொஞ்சம் கொறித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது அந்த ஊர் வழக்கம். அப்பெரிடிவோ என்கிறார்கள். ஒரு வழிகாட்டி, மூன்று கடைகள், இரண்டரை மணி நேரம்.

3. முதல் கடையில் எனக்கு வைத்ததை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

4. இரண்டாவது கடையில் தோள் வலித்தது.

5. மூன்றாவது கடையில் காகித நாப்கினில் ஒரு கூட்டல் போட்டோம்.

6. மறுநாள் காலை பத்து மணிக்கு, இயந்திரத்தை ஏற்றுக்கொண்டதாகப் போட வேண்டிய கையெழுத்தை நான் போடவில்லை.

அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒன்றும் ஆறும் மட்டும் இருந்தன. நடுவில் உள்ள நான்கையும் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியராக இருக்கிறேன். தங்கியிருப்பது சுங்குவார்சத்திரத்தில், மாடியில் ஓர் அறை. கூட இருப்பவள் சங்கரன்கோவில்காரி; அதே தொழிற்சாலையில் ஆபரேட்டர். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே விடுதியில் இருந்து, விடுதிச் சாம்பார் பிடிக்காமல் சேர்ந்தே வெளியேறினோம். அலுமினிய மூடியைத் தூக்கி இயந்திரத்தில் வைத்து, அதன் துளையில் எஃகு வளையத்தை அழுத்திப் பொருத்தி, எடுத்து அடுத்தவளிடம் தருவது அவள் வேலை. மூடி இரண்டரை கிலோ. ஷிஃப்டுக்கு அறுநூறு மூடி. பழைய இயந்திரம் உயரமானது. அவள் என்னைவிட இரண்டு விரல் குட்டை, நானே ஐந்து அடிதான். ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று ஓட்டிக்கொண்டிருந்தாள். தணிக்கை வரும் நாட்களில் கிரேட் ஒளிந்துகொள்ளும். ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி அதைக் கண்டுபிடித்து எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு வலது தோளுக்கு இரவில் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பாள்.

புதிய இயந்திரத்துக்கு விவரக்குறிப்பு எழுதியது நான். மேசை உயரம் ஆயிரம் மில்லிமீட்டர் என்று போட்டிருந்தேன். நான் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியை அடுக்கும்போது அறைத்தோழி கேட்டாள்.

"ஏட்டி, புது மெஷின்ல கைய தூக்கணுமா?"

"வேணாம். மேசை உன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வரும்."

"நெசமாவா சொல்லுத?"

"ஆயிரம் மில்லிமீட்டர். நான்தான் எழுதியிருக்கேன்."

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும். அங்க போயி குளிருதுன்னு வெளிய போவாம கெடக்காத, என்ன?"

டூரினுக்கு எங்கள் பராமரிப்புப் பிரிவின் தலைவரும் கூட வந்தார். மண்ணூர்க்காரர், நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம். தொழிற்சாலையில் எல்லோரும் போல நானும் சார் என்றுதான் கூப்பிடுவேன். மூன்று நாளும் இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் மூடிகளை எடுத்து வைத்தார். ஆறடிக்கு மேல் இருப்பார். நான் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றேன். எங்கள் பழக்கம் அப்படி. ஆபரேட்டர் ஓட்டுவார், எஞ்சினியர் எழுதுவார். எஞ்சினியர் மூடியைத் தூக்கி வைத்தால் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள்.

நடை ஒரு பெரிய சதுக்கத்தில் தொடங்கியது. மே மாதம், எட்டரைக்குக் கூட வெளிச்சம் இருந்தது. சாலையின் இரு பக்கமும் உயரமான வளைவுகளுக்கு அடியில் நடைபாதை போகிறது. மழை பெய்தாலும் நனையாமல் நகரத்தைச் சுற்றலாம். நேர்த் தெருக்கள். சில தெருக்களின் முனையில் பனி மலை தெரிந்தது. வழிகாட்டி முப்பத்தைந்து வயதுப் பெண். மழையில்லாத நாளில் மஞ்சள் குடை ஒன்றைக் கம்பு போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கசப்பான பானத்தை முதலில் குடிப்பது பசிக்காக வயிற்றைத் திறப்பதற்கு என்றாள். மூலிகைகள் ஊறவைத்த வெர்முத் என்ற ஒயின் இந்த ஊரின் பெருமை என்றும், சாயங்காலம் வேலை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகும் முன் இங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போவார்கள் என்றும் சொன்னாள்.

"ஒரு மணி நேரமா? வூட்ல தேட மாட்டாங்களா?" என்றார் சார் என்னிடம். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வீட்டில் இருப்பவர்களும் இங்கேதான் இருப்பார்கள் என்று வழிகாட்டி பதில் சொன்னாள். சாருக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

முதல் கடையில் வளைவுக்கு அடியில் உட்கார்ந்தோம். எனக்கு மது கலக்காத சிவப்புச் சோடா. பெரிய கோப்பை, ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு. முதல் வாய் நிலவேம்புக் கஷாயம். இரண்டாவது வாயில் ஆரஞ்சுத் தோல் மணம் வந்தது. மூன்றாவதில் இன்னும் வேண்டும் போலிருந்தது. தட்டில் பச்சை ஆலிவ், பென்சில் மாதிரி நீண்ட ரொட்டிக் குச்சிகள், ஓரம் வெட்டிய முக்கோண சாண்ட்விச். சார் ரொட்டிக் குச்சியை ஒடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, டிபனா சாப்பாடா? ரெண்டும் இல்லாம நடுவால கீது."

"நடுவுலதான் சார். இதுக்கப்புறம் சாப்பாடு."

"அப்ப சரி. போட்டோ எடும்மா. கிளாஸ் வராம எடு. வூட்ல பாத்தாங்கன்னா ஏர்போர்ட்லயே நிக்க வெச்சு கேப்பாங்க."

எங்களுக்கு டீ இடைவேளை பத்து நிமிடம். வரிசையில் நிற்பது, குடிப்பது, கைகழுவுவது, லைனுக்குத் திரும்புவது எல்லாம் அதற்குள். அந்தப் பழக்கத்தில் கோப்பையையும் தட்டையும் காலி செய்து, டிஷ்யூவை மடித்து, பையைத் தோளில் மாட்டிவிட்டேன். வழிகாட்டி அப்போதுதான் தன் கோப்பையைக் கையில் எடுத்திருந்தாள். என்னைப் பார்த்து, ஏதாவது அவசரமா, ரயில் பிடிக்க வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்டாள். பையை இறக்கிவைத்தேன். இன்னும் முப்பது நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தோம். சதுக்கத்தில் டிராம் வளைந்து போவதையும், ஒரு நாய் ஒவ்வொரு மேசையாக நின்று நின்று போவதையும் பார்த்தேன். பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு கை எதையும் தேடவில்லை. அந்த முப்பது நிமிடம் நன்றாக இருந்தது.

இரண்டாவது கடை சிறியது, பழையது. நாற்காலி கிடையாது. பளிங்கு கவுண்டரில் சாய்ந்து நின்றுகொண்டே குடிப்பதுதான் முதலில் இருந்த முறை என்றாள் வழிகாட்டி. கவுண்டரின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் தலையில்தான் தட்டுகள். சார் முழங்கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் நின்ற தாத்தாவிடம் தமிழில் விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். தாத்தா இத்தாலியத்தில் பதில் சொன்னார். இருவருக்கும் திருப்தி. எனக்கு முழங்கை ஊன்ற முடியவில்லை. கவுண்டர் என் நெஞ்சுக்கு வந்தது. ஆலிவ் எடுக்க ஒவ்வொரு முறையும் கையைத் தோளுக்குத் தூக்கி நீட்ட வேண்டியிருந்தது. ஆலிவும் நன்றாக இருந்தது. கறுப்பு, சின்னது, கொஞ்சம் காரம்.

"எட்டலியா? இரு, நான் எட்த்துத் தரேன்" என்றார் சார்.

"வேணாம் சார், எட்டுது."

எட்டத்தான் செய்தது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு வலது தோளில், எலும்பு முடிகிற இடத்தில், ஒரு மெல்லிய எரிச்சல் தொடங்கியது. கையை மாற்றினேன். மூன்று நாளாகச் சுமந்த மடிக்கணினிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அறைத்தோழி தைலம் தேய்க்கும் இடம் அதுவேதான் என்பது நினைவுக்கு வந்தது.

என் சாண் பத்தொன்பது சென்டிமீட்டர். தொழிலில் இது மனப்பாடம். கவுண்டர் ஓரத்தில் நின்று தரையிலிருந்து தட்டு வரை கண்ணால் சாண் போட்டேன். ஆறு சாணும் கொஞ்சமும், நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல். சோதனைப் பட்டியலில் நாற்பத்தேழாவது வரி மேசை உயரம். டேப் வைத்து நானே அளந்தேன், ஆயிரம், டிக். ஆனால் மூடியை மேசையில் வைப்பதில்லை. மேசையின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி ஒன்று இருக்கிறது. மூடி தாங்கியின் தலையில் உட்காரும். இந்தக் கடையில் தட்டு கண்ணாடிப் பெட்டியின் தலையில் இருப்பது போல.

மூன்றாவது கடை ஆற்றங்கரையில். தாழ்வான நாற்காலிகள். வெண்ணெய் போல மிருதுவான ஹாம், பாலாடைக்கட்டி, வறுத்த கொட்டைகள் எல்லாம் வந்தன. நான் எங்களை அழைத்து வந்த இத்தாலிய எஞ்சினியரிடம், தாங்கியின் உயரம் என்ன என்று கேட்டேன். அவர் சாந்தமான மனிதர். பேனாவை எடுத்து நாப்கினில் எழுதினார். ஆயிரம். அதன் கீழே நூற்று எண்பது. கோடு. ஆயிரத்து நூற்று எண்பது. பிறகு, மேசை உங்கள் விவரக்குறிப்புப்படிதான் இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. தாங்கியைப் பற்றி விவரக்குறிப்பில் ஒரு வார்த்தை கூட இல்லை.

சாரிடம் நாப்கினைக் காட்டினேன்.

"ஸ்பெக்கு யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"நாளிக்கு மத்தியானம் பொட்டில போட்டு ஆணி அடிக்கப் போறான். இப்ப சொல்ற. அங்க போய் கீழ ஒரு பலகை போட்டுக்கலாம், வுடு."

"கிரேட்டை எடுத்துட்டுப் போனவர் பலகையை மட்டும் விடுவாரா சார்? அடுத்தவகிட்ட குடுக்க ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறணும். அறுநூறு தடவை."

அவர் ஹாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் ஒயரத்துக்கு எனுக்கு ஒண்ணும் தெரில. அந்த ஆளும் நெட்டை. நீ ஒரு பீஸாவது வெச்சுப் பாத்தியா?"

"இல்ல சார்."

"மூணு நாளா?"

"மூணு நாளா."

"நல்லா சோதிச்சோம் போ" என்றார். இத்தாலிய எஞ்சினியர் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நாளை காலை எட்டு மணிக்கு நானே இயந்திரத்தை ஓட்டலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். ஆற்றில் படகுப் போட்டிக்குப் பழகுகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். என் சோடாவை இந்த முறை மெதுவாகக் குடித்தேன். வழிகாட்டி கடைசியாக வந்து என் கோப்பையைப் பார்த்துவிட்டு, பாதி இருக்கிறதே, தேறிவிட்டீர்கள் என்றாள்.

காலையில் நூறு மூடி வைத்தேன். ஸ்டாப்வாட்ச்சை சார் பிடித்திருந்தார். நாற்பதுக்கு மேல் வேகம் குறைந்தது. எழுபதில் ஒரு மூடி தாங்கியின் விளிம்பில் இடித்துக் கீறல் விழுந்தது. நூறு முடிந்ததும் கை தானாக இறங்கியது. சார் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஏற்கவில்லை என்ற கட்டத்தில் எழுதினேன்: "மூடி வைக்கும் உயரம் அதிகம். தவறு எங்கள் விவரக்குறிப்பில்."

ஊரில் இருக்கும் எங்கள் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கத்தவில்லை.

"ஏம்மா, மூணு நாளா என்னத்தப் பாத்தீங்க?"

"மேசையப் பாத்தேன் சார்."

மேசைக்கு அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டியை இடம் மாற்றினால் பதின்மூன்று சென்டிமீட்டர் இறக்கலாம், மூன்று வாரம் ஆகும் என்றார் இத்தாலிய எஞ்சினியர். மேலாளர் அதை எழுத்தில் அனுப்பச் சொன்னார்.

அறைக்குத் திரும்பியதும் தோழியிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். ஆயிரம் என்று சொன்னது தப்பு, மூடி வைக்கும் உயரம் ஆயிரத்து ஐம்பதாக வரும், மூன்று வாரம் தள்ளி வரும் என்று.

"அதுவரைக்கும் பழசுதானா?"

"ஆமா."

"மூணு வாரந்தான? கெடக்கு போ." பிறகு நான் வாங்கி வந்த ஆலிவ் ஒன்றை வாயில் போட்டு, முகம் சுளித்தாள். "இதத் திங்கவா ஒன்ன ஏரோப்ளேன்ல அனுப்புனாங்க? மாவடு இதவிட நல்லா இருக்கும்லா."

இயந்திரம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் ஷிஃப்டில் அவள் ஓட்டுகிறாள், கிரேட் இல்லாமல். தோள் வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. இரண்டாவது ஷிஃப்டில் ஓட்டும் உயரமான பையன்கள் குனிய வேண்டியிருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். தாமதத்தைப் பற்றி என் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரி இருக்கிறது. சோதனைப் பட்டியலில் நூற்றுப் பதின்மூன்றாவது வரியாக, எஞ்சினியர் நூறு உருப்படியைத் தன் கையால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். அடுத்த இயந்திரத்தின் விவரக்குறிப்பு என் மேசையில் இருக்கிறது. ஷிஃப்டு மாறும் நேரத்தில் வாசலில் நின்று ஆபரேட்டர்களின் முழங்கை உயரத்தை அளந்து வருகிறேன். இதுவரை பத்தொன்பது பேர் ஆகியிருக்கிறார்கள். இன்னும் இருபத்திரண்டு பேர். விவரக்குறிப்பில் உயரம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.