நரிகள் எங்களிடம் ஒண்டிய பின்னேரம்

பேய் பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பிக் குசினிக்குப் போய்விடுகிற ஆள் நான். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், சவ அறைப் பக்கத்துத் தாழ்வாரத்தில் தனியாக நடந்து பழகியவள், ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது, நல்ல வெயிலில் நடந்தது, கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசி, நாங்கள் வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். என் கணவர் யோகனோடு ஃபாக்டரியில் வேலை செய்த கிரேக் என்ற வெள்ளைக்காரனின் தமையனுக்கு, கோல்பர்ன் என்ற நாட்டுப்புற ஊருக்கு அப்பால் ஆட்டுப் பண்ணை இருந்தது. அந்தக் குளிர்காலம் பிறந்த குட்டிகளையெல்லாம் நரிகள் தூக்கிக்கொண்டு போகின்றன, இப்படியே போனால் அண்ணன் பண்ணையை விற்க வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த கிரேக், ஒரு சனிக்கிழமை நரி சுடப் போகும்போது எங்களையும் கூப்பிட்டான். யோகனுக்குத் துவக்கைப் பார்க்கவே பிடிக்காது, ஊரில் பார்த்தது போதும் என்பார். ஒரு நாளாவது வெளிக்காற்று வாங்கலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

நரியைக் கூப்பிட ஒரு விசில் இருக்கிறது. மடித்த தகரம், நடுவில் துளை, அவ்வளவுதான். பல்லுக்கும் உதட்டுக்கும் இடையில் வைத்து ஊதினால் அடிபட்ட முயல் கத்துவது போலக் கேட்கும், இரை என்று நினைத்து நரி வரும். யோகன் ஊதினார், வெறும் காற்றுத்தான் வந்தது. நான் வாங்கி ஊதினேன், பாருங்கள், கைக்குழந்தை வீறிட்ட மாதிரி ஒரு சத்தம். கிரேக் சிரித்தான், இன்றைக்கு நீதான் ஊதுகிறாய் என்றான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வண்டியைப் பண்ணை வாசல் கேற்றடியில் விட்டு, ஒரு பெரிய பாறைக்கு முதுகைக் கொடுத்து மூன்று பேரும் இருந்தோம். முன்னால் ஆடு மேய்ந்து மொட்டையாகிப் போன புல்வெளி, அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக யூக்கலிப்டஸ் மரங்கள். இரண்டு தரம் ஊதினேன், மூன்றாம் தரம் தொண்டை வறண்டு நடுவில் இருமிவிட்டேன், இருமலும் விசிலுக்குள்ளாலேயே போய்க் கிரீச்சிட்டது.

ஒரு நரி வந்தது. கிரேக் துவக்கை உயர்த்தினான். அது எங்களைக் கண்டது, கண்டும் திரும்பவில்லை, துவக்கு முனைக்கு முன்னாலேயே ஓடிவந்து எங்கள் பக்கத்தில் படுத்தது. பிறகு வேறு திசையிலிருந்து இரண்டு. நரி தனியாகத் திரிகிற மிருகம், சேர்ந்து வராது என்று காலையில்தான் கிரேக் சொல்லியிருந்தான். அதற்குள் ஆள் உயரத்துக்குச் சிறகு விரிக்கிற கழுகு ஒன்று இறங்கி வேலிக்கட்டையில் உட்கார்ந்தது, எங்கள் காலடியில் இருந்த நரிகளை அது திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாம் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நரியின் முதுகு என் சப்பாத்தில் முட்டியபடி நடுங்கிக்கொண்டிருந்தது.

“வசந்தி, அசையாதையும்” என்றார் யோகன்.

“ஏனப்பா இது ஓடேல்ல?”

“தெரியேல்ல. பேசாம இரும்.”

அப்போதுதான் மரங்களுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நான் ஊதிய அதே வீறிடல். நடுவில் என் இருமல். விசில் என் உள்ளங்கையில் இருந்தது.

எதிரொலி என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் மறுபடி அது கேட்டபோது பாதிப் புல்வெளிக்கு வந்துவிட்டிருந்தது, முயல்கூட ஒளிய முடியாத அந்த வெறும் புல்லில், வெயிலில், ஒன்றுமே இல்லை. கழுகு எழும்பிப் பறந்தது. கிரேக் துவக்கைத் தாழ்த்தினான். திரும்ப ஊதிவிடாதே என்று மட்டும் என்னிடம் சொன்னான்.

“ஓடாதையும், நடவும்” என்று யோகன் என் கையைப் பிடித்தார். நடந்தோம். நரிகளும் வந்தன, வளர்த்த நாய்கள் போல எங்கள் கால்களோடு ஒட்டிக்கொண்டு வந்தன. பின்னால் அந்தச் சத்தம் இன்னொரு தரம் கேட்டது, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் அதற்குப் பிறகு ஒரு குட்டிகூடப் போகவில்லையாம், ஒரு நரிகூடக் கண்ணில் படவில்லையாம். நல்ல வேலை செய்தீர்கள் என்று தமையன் ஒரு பெட்டி பியர் கொடுத்துவிட்டான். கிரேக் அதை உடைக்காமலே எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஒரு துவக்குக் குண்டுகூட அன்றைக்குச் செலவாகவில்லை என்று அவன் அண்ணனிடம் சொன்னானோ தெரியாது, நாங்கள் கேட்கவில்லை.

மரங்களுக்குள் இருந்தது என்ன என்று இப்போது நான் யோசிப்பதில்லை. யோசித்து என்ன காண்பது? ஆனால் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை: அன்றைக்கு நாங்கள் வண்டியில் ஏறும்போது நரிகளும் ஏறப் பார்த்தன. யோகன் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். முதலில் வந்த நரி எழும்பி நின்று முன்னங்கால்களை என் பக்கக் கதவுக் கண்ணாடியில் வைத்தது. அவ்வளவு நேரமும் மரங்களை விட்டுக் கண் எடுக்காத அது, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தது. நான் பூட்டை அழுத்தினேன்.