சைக்கிள் பிரேக் கம்பி

மாமாவிடம் யாராவது, "நீங்க எந்த ட்ரூப்பு?" என்று கேட்டால், "கூப்பிட்ட ட்ரூப்பு" என்பார். அது பொய்யில்லை. ஞாயிறு காலை தேனியில் சர்ச், மதியம் உத்தமபாளையத்தில் நிக்காஹ் வீடு, மறுநாள் கம்பத்தில் கோயில் கச்சேரி, அதற்கடுத்த நாள் குமுளி தாண்டி மலையாளத்துக்காரர்களின் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி. எங்கும் அவரவருக்கு வேண்டியபடி வாசித்துவிட்டு, நடுவில் ஒருமுறை, கிட்டாரோடு ஒயரில் இணைத்துக் காலடியில் வைத்திருக்கும் டப்பாவை மிதிப்பார். தகரத்தைக் கிழிப்பதுபோலக் கிட்டார் உறுமும். குமுளி லாட்ஜில் வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுப் பிடித்த உறுமல் அது. அதற்காகவே நான் கூடப் போவேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா ஏலத்தோட்டத்திலேயே தங்கி வேலை பார்த்தாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றிருந்தது. மாமா வீட்டில் சோறு இருந்தது, நானும் அங்கே இருந்தேன்.

அன்று கூடலூரில் ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் கானமேளா நடத்தும் சேட்டன் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் குழு இரண்டு வருஷத்துக்குத் துபாய் போகிறது. மாமாவின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அவரையும் கூட்டிப்போவதா என்று மண்டபத்திலேயே முடிவு சொல்வதாகப் பேச்சு. மாமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அத்தைக்கு ஏழு மாதம். வீட்டில் இருக்கச் சொல்லியும் கேளாமல் வந்து, மேடைக்குப் பின்னால் கிட்டார்ப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது பாட்டில் கம்பி அறுந்தது. இருக்கிற ஆறில் மெல்லிய கம்பி, உறுமலுக்கு அதுதான் உயிர். மாற்றுக் கம்பி எப்போதும் பெட்டிக்குள் ஒரு பவுடர் டப்பாவில் இருக்கும். மாமா ஓடிவந்து திறந்தார். டப்பா காலி.

"நேத்துத்தானடி வச்சேன்? அவுக முன்னாடி உக்காந்துருக்காக, இப்பப் போயி..."

"நான் என்னத்தக் கண்டேன்? கம்பியவா தின்னேன்?" என்றாள் அத்தை.

டிரம்ஸ்காரர் மேடையிலிருந்து குனிந்து, "அண்ணே, அஞ்சு கம்பிக்கு மட்டும் விசா கேளுங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஊரில் கம்பி கிடைக்காத ஒரு மழைக்காலத்தில், மாமா சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஓர் இழையை மாட்டி வாசித்திருக்கிறார். வாசலுக்குப் பறந்தேன். மைக்செட்காரரின் சைக்கிள் சாய்ந்து நின்றது. அவர் பையிலிருந்த கட்டிங் பிளேயரையே எடுத்துப் பின்சக்கரத்து பிரேக் கம்பியை வெட்டினேன்.

"ஏய் புள்ள! எஞ் சைக்கிளு!"

அவர் திரும்புவதற்குள் மேடைக்குப் பின்னால் இருந்தேன். மாமா ஓர் இழையை உரித்து, அறுந்த கம்பியின் பித்தளை வளையத்தில் முறுக்கி மாட்டினார். அதுவரை டிரம்ஸ்காரர் தனியாக வெளுத்து வாங்கினார். மாமா மேடையேறிக் காலடி டப்பாவை மிதித்தார்.

அப்பா, என்ன உறுமல்! பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு ஆடினான். சேட்டன் எழுந்து நின்று கை தட்டி, "மதி! ஆளு இதுதன்னே!" என்று கத்தினார். போதும், ஆள் இவர்தான் என்று முடிவு சொல்லிவிட்டார். நான் குதித்த குதியில் பாவாடை நாடா அறுந்தது.

திரும்பி அத்தையைப் பார்த்தேன். கை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். சேலை மடிப்பிலிருந்து ஏதோ விழுந்தது. குனிந்து எடுத்தேன். வட்டமாகச் சுருட்டிய புதுக் கம்பி.

"அயித்த, இப்பத்தான் கெடச்சுச்சா?"

"ஆமாத்தா, இப்பத்தான். இங்கன குடு."

கொடுப்பேனா? சந்தோஷத்தில் மேடைக்கு ஓடினேன். "மாமா! கம்பி கெடச்சுருச்சு! அயித்த மடியிலதான் இருந்துச்சு!"

சேட்டன் அப்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா கம்பியைப் பார்த்தார். என் தலைக்கு மேலாக அத்தையைப் பார்த்தார். பிறகு, யார் கூப்பிட்டாலும் கேள்வியில்லாமல் கிளம்புகிற என் மாமா, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் சேட்டா" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே மைக்செட்காரர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார். இதற்காகவா நான் அவர் பிரேக்கை வெட்டினேன்?